கொக்கோடா மலைப்பாதையில் நடக்கத் திட்டமிடுகிறவர்களுக்கு

பப்புவா நியூ கினியில் ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரைக் குறுக்கே கடக்கும் 96 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதைதான் கொக்கோடா. தெற்கு முனை தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்கு மேலே மலையில் இருக்கும் ஓவர்ஸ் கார்னர், வடக்கு முனை கொக்கோடா கிராமம். 1942 ஜூலை முதல் நவம்பர் வரை ஜப்பான் படையும் ஆஸ்திரேலியப் படையும் இந்தப் பாதையில்தான் மாறி மாறிப் பின்வாங்கியும் முன்னேறியும் சண்டை போட்டன. இப்போது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வருடம்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து நடந்துவிட்டுப் போகிறார்கள். கூட்டம் உச்சத்தில் இருந்த 2008இல் 5,000 பேருக்கு மேல் நடந்தார்கள்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது "எத்தனை நாளில் முடித்தாய்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியோடு கிளம்பாதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது, எத்தனை நாள் எடுத்துக்கொள்வது, சுமை தூக்க ஆள் வைப்பதா வேண்டாமா என்ற எல்லா முடிவுகளையும் இந்தப் பாதையின் கதையை வைத்து எடுங்கள். கதை தெரியாமல் நடந்தால் சேறும் வேரும் வழுக்கலும்தான் நினைவில் நிற்கும்.

அதனால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1942 மே மாதம் பவளக் கடல் சண்டையில் போர்ட் மோர்ஸ்பியைக் கடல் வழியாகப் பிடிக்கும் ஜப்பானின் திட்டம் முறிந்தது. வடக்குக் கரையில் இறங்கி மலையைத் தாண்டி வருவதுதான் மிச்சமிருந்த வழி. ஜூலை 21 அன்று கோனா பக்கம் ஜப்பானியர்கள் கரையிறங்கினார்கள். கரைக்கும் போர்ட் மோர்ஸ்பிக்கும் நடுவே அந்த மலைப்பகுதியில் பயன்படக்கூடிய ஒரே விமான ஓடுதளம் கொக்கோடாவில் இருந்தது, முதல் சண்டை அதற்காகத்தான். எதிர்த்து நின்றவர்கள் ஆஸ்திரேலியாவின் 39ஆவது பட்டாலியன். பெரும்பாலும் விக்டோரியா மாநிலத்து இளைஞர்கள், போதிய பயிற்சி இல்லாதவர்கள், வெயில் பட்டால் உருகிவிடும் சாக்லேட் சிப்பாய்கள் என்று சொந்த நாட்டிலேயே கேலி செய்யப்பட்டவர்கள். அவர்களுடன் பப்புவா காலாட்படையைச் சேர்ந்த உள்ளூர் வீரர்களும் இருந்தார்கள். ஜூலை 29 அதிகாலை நடந்த கொக்கோடா சண்டையில் பட்டாலியன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் வில்லியம் ஓவன் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசியில் இசுரவா, செப்டம்பர் முதல் வாரத்தில் பிரிகேட் ஹில், மாத நடுவில் இயோரிபைவா என்று ஆஸ்திரேலியர்கள் தெற்கே தள்ளப்பட்டுக்கொண்டே வந்தார்கள். ஜப்பானியர்கள் போர்ட் மோர்ஸ்பியின் வெளிச்சம் தெரியும் தூரம் வரை வந்துவிட்டார்கள். ஆனால் சாப்பாடு தீர்ந்துபோயிருந்தது, சாலமன் தீவுகளில் குவாடல்கனாலில் அமெரிக்கர்களோடு நடந்த சண்டை ஜப்பானின் ஆள்பலத்தை விழுங்கிக்கொண்டிருந்தது, மேலிடத்திலிருந்து திரும்பச் சொல்லி உத்தரவு வந்தது. அப்புறம் எல்லாம் எதிர்த்திசையில் நடந்தது, நவம்பர் 2 அன்று கொக்கோடா மீட்கப்பட்டது. ஆஸ்திரேலியர்களில் 600 பேருக்கு மேல் செத்தார்கள். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் சாய்த்தவர்கள் காயம் பட்டவர்களைவிட அதிகம்.

இதில் பலர் ஒரு வரியில் தாண்டிப் போகும் பகுதி சுமைதூக்கிகளுடையது. ஆகஸ்ட் 17 அன்று ஜப்பான் விமானங்கள் போர்ட் மோர்ஸ்பி ஓடுதளத்தில் நின்ற போக்குவரத்து விமானங்களைக் குண்டு போட்டு அழித்தன. விமானத்திலிருந்து உணவு மூட்டைகளைப் போட முடியாமல் போனதும் மொத்தப் பாரமும் உள்ளூர் மக்களின் தோளில் விழுந்தது. அப்போது போட்ட கணக்கு ஒன்று உண்டு. உணவு மட்டும் சுமந்து போகும் ஒருவர் தானே சாப்பிட்டாலும் அந்தச் சுமை 13 நாளில் தீரும், ஒரு சிப்பாய்க்கும் சேர்த்தென்றால் ஆறரை நாள்தான் வரும். போர்முனையோ ஒரு வார நடைக்கும் அப்பால். ஆக, ஒரு சிப்பாய் நின்று சண்டை போட வேண்டுமென்றால் பின்னால் எத்தனை பேர் ஓயாமல் நடந்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த மக்களில் பலர் விரும்பி வந்தவர்கள் இல்லை, ஜூன் 1942இல் போட்ட உத்தரவின்படி கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள். போகும்போது உணவும் தோட்டாவும், திரும்பும்போது ஸ்ட்ரெச்சரில் காயம்பட்டவர்கள், ஒரு ஸ்ட்ரெச்சருக்கு 8 பேர். ஃபஸ்ஸி வஸ்ஸி ஏஞ்சல்ஸ், அதாவது சுருட்டை முடித் தேவதைகள், என்று ஆஸ்திரேலியாவில் கொண்டாடப்பட்டார்கள், ஆனால் ஆஸ்திரேலிய அரசு அவர்களுக்கென ஒரு நினைவுப் பதக்கம் கொடுக்க 2009 வரை ஆனது. அதற்குள் பெரும்பாலானோர் காலமாகிவிட்டார்கள்.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது

இரண்டு பக்கமும் ஆட்கள் போகிறார்கள். நான் சொல்வது கொக்கோடாவில் தொடங்கி ஓவர்ஸ் கார்னரில் முடிப்பது. 1942இல் பின்வாங்கல் நடந்த வரிசையிலேயே இடங்கள் வரும், கதை தலைகீழாகாது. இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. கொக்கோடாவுக்கு போர்ட் மோர்ஸ்பியிலிருந்து சிறிய விமானத்தில்தான் போக வேண்டும், மேகம் மூடினால் விமானம் கிளம்பாது. அந்தத் தாமதம் முதல் நாளில் வந்தால் ஒரு நாள் போகும், கடைசி நாளில் வந்தால் ஊர் திரும்பும் விமானமே போகும். ஓவர்ஸ் கார்னர் வரை வண்டி வருகிறது, அதனால் முடிவை அங்கே வைத்துக்கொள்வதே நல்லது. கடைசி இரண்டு நாள் ஏற்றம் கொஞ்சம் கொடுமையாக இருக்கும், ஆனால் அதற்குள் கால் பழகியிருக்கும்.

நாட்கள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 6 நாளில் முடிக்கும் திட்டங்கள் இருக்கின்றன, அதில் இசுரவாவில் உட்காரவே நேரம் இருக்காது. 9 அல்லது 10 நாள் திட்டத்தை எடுங்கள். கூடவே போர்ட் மோர்ஸ்பியில் முன்னும் பின்னும் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. குறைவு என்றால் மழை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், பிற்பகல் மழை எந்த மாதத்திலும் வரும். ஜனவரி முதல் மார்ச் வரை போகவே வேண்டாம், ஓடைகள் பொங்கும், மரக்கட்டைப் பாலங்கள் அடித்துக்கொண்டு போகும். போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் ஏப்ரல் 25 ஆன்சாக் நாளையொட்டி ஆஸ்திரேலியர்கள் குவிவார்கள், கூடார இடங்கள் நெரிசலாக இருக்கும். அமைதியாக நடக்க நினைப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

அனுமதி, ஏற்பாட்டாளர், சுமைதூக்கி

நடக்க அனுமதிச் சீட்டு வேண்டும். உரிமம் பெற்ற மலையேற்ற ஏற்பாட்டாளர் மூலம் போனால் அவர்களே வாங்கித் தருவார்கள். தனியாகப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். பாதை முழுக்க ஊர் மக்களின் பரம்பரை நிலத்தின் வழியாகப் போகிறது, அரசாங்கக் காடு கிடையாது. தங்களுக்கு வரவேண்டிய பணம் வரவில்லை என்று நிலச் சொந்தக்காரர்கள் பாதையை மறித்த சம்பவங்கள் உண்டு, அது அவர்களுடைய உரிமைக் குரல். உள்ளூர் ஆள் துணையில்லாமல் போய் அங்கே நின்று வாதாட நமக்கு மொழியும் இல்லை, நியாயமும் இல்லை.

ஏற்பாட்டாளரிடம் விலையைப் பேசுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: சுமைதூக்கிகளுக்கு நாள் கூலி எவ்வளவு, அதிகபட்ச எடை எவ்வளவு, அவர்களுக்குத் தூங்கும் பாயும் போர்வையும் மழைக்கு மறைப்பும் நீங்கள் தருகிறீர்களா, சாப்பாடு உங்கள் செலவா அவர்கள் செலவா, நடை முடிந்ததும் சொந்த ஊருக்குத் திரும்பும் செலவு யாருடையது. 1942இல் சுமைதூக்கிகளைக் கவனித்துக்கொண்ட ஜெஃப்ரி வெர்னன் என்ற மருத்துவர், காது சரியாகக் கேட்காத வயதானவர், தன் ஆட்களின் அளவு மீறிய சுமையையும் போர்வை இல்லாத குளிரையும் குறித்துக் கவலையோடு எழுதிவைத்தார். அதே கேள்விகளை இன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். விலை மலிவாக இருந்தால் அது யாருடைய முதுகிலிருந்து கழிக்கப்பட்டது என்பது உங்களுக்கே புரியும்.

தனிச் சுமைதூக்கி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். முழு மூட்டையையும் நானே தூக்குகிறேன் என்பது வீரமாகத் தோன்றலாம், ஆனால் இந்தப் பாதை ஊர்களுக்கு ரொக்கம் வரும் வழிகளில் முக்கியமானது இந்த வேலைதான். வருகிறவர்களில் பலர் போர்க்காலச் சுமைதூக்கிகளின் பேரன்கள், கொள்ளுப்பேரன்கள். ஓடையைக் கடக்கும்போது நம் கையைப் பிடிப்பதும், ராத்திரி அடுப்படியில் தாத்தா சொன்ன கதையைச் சொல்வதும் அவர்கள்தான். வெட்கப்படாமல் கேளுங்கள். முடிந்ததும் கொடுக்கும் அன்பளிப்பை அந்த நாட்டுப் பணமான கினாவில், சில்லறையாக, நேரே அவர் கையில் கொடுங்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு சிங்கப்பூர் வழி வசதி, அங்கிருந்து போர்ட் மோர்ஸ்பிக்கு நேரடி விமானம் இருக்கிறது. விசாவை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். போர்ட் மோர்ஸ்பியில் இருட்டிய பிறகு தெருவில் நடக்க வேண்டாம், விடுதி வண்டியிலேயே போய் வாருங்கள். விமானம் இறங்கும் ஜாக்சன்ஸ் விமான நிலையம், 1942 ஏப்ரலில் இங்கே வான் சண்டையில் இறந்த ஆஸ்திரேலிய விமானப்படையின் ஸ்குவாட்ரன் தலைவர் ஜான் ஜாக்சனின் பெயரைத் தாங்கியது. ஆகஸ்ட் 17 குண்டுவீச்சு நடந்ததும் இதே ஓடுதளத்தில்தான்.

உடம்பு

உயரம் பெரிய விஷயம் இல்லை. பாதையின் உச்சமான பெல்லமி மலை 2,190 மீட்டர்தான், மூச்சுத் திணறல் வராது. ஆளைச் சாய்ப்பது ஏற்றமும் இறக்கமும் ஓயாமல் மாறி மாறி வருவது. ஒரு முகட்டில் ஏறி, அப்படியே ஓடை வரை இறங்கி, மறுபடி ஏறி, மொத்தம் கூட்டினால் 5,000 மீட்டருக்கு மேல் ஏறியிருப்பீர்கள். கூடவே ஈரப்பதம். சமதளத்தில் ஓடிப் பழகியவர்கள் இங்கே திணறுவது இறக்கத்தில்தான், முட்டி தாங்காது.

குறைந்தது 4 மாதம் முன்பே தொடங்குங்கள். வாரத்துக்கு மூன்று நாள் மாடிப்படி, முதுகில் 8 கிலோ பையோடு, ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வைத்து. வார இறுதியில் பக்கத்தில் இருக்கும் ஏதாவது மலையில் நாள் முழுக்க நடங்கள், அடுத்த நாளும் நடங்கள். களைத்த காலோடு மறுநாள் காலை எழுந்து நடப்பதுதான் உண்மையான பயிற்சி. மழையிலும் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள்.

மருத்துவரிடம் போய் இதயப் பரிசோதனை உட்பட எல்லாம் பார்த்து, கிளம்பலாம் என்று அவர் சொன்ன பிறகு பணம் கட்டுங்கள். 2009இல் ஒரே வருடத்தில் 4 ஆஸ்திரேலியர்கள் நடக்கும்போதே இறந்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் கொக்கோடாவுக்குப் போன சிறிய விமானம் மலையில் மோதி 13 பேர் பலியானார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, காப்பீடு எடுக்கும்போது ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு வரும் செலவு அதில் இருக்கிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். வழிகாட்டியிடம் சாட்டிலைட் போன் இருக்க வேண்டும், கைபேசியை நம்ப முடியாது.

தண்ணீர் குடிப்பதில் ஒரு எச்சரிக்கை. வேர்வை ஆறாய் ஓடுகிறதே என்று வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி மயக்கமும் குழப்பமும் வரும், உயிருக்கே ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை நிறையக் கொண்டு போங்கள், இடையிடையே உப்பானது எதையாவது மெல்லுங்கள். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மாத்திரை போட்டு, சொன்ன நேரம் காத்திருந்துதான் குடிக்க வேண்டும்.

பையில் என்ன

பூட்ஸ் பழையதாக, காலுக்குப் பழகியதாக, ஆனால் அடிப்பகுதி தேயாததாக இருக்க வேண்டும். ஊன்றுகோல் இரண்டு. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயவே காயாது. நடக்க ஒரு ஜோடி துணி, ராத்திரிக்கு உலர்ந்த ஒரு ஜோடி, அந்த உலர்ந்த துணியை எந்தக் காரணத்துக்காகவும் பகலில் போடாதீர்கள், காலையில் ஈரத்தையே மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். கொடுமைதான், வேறு வழியில்லை. ராத்திரி கால் முழுக்க உலர வேண்டும், விரலிடுக்கில் பவுடர், தொடையிலும் அக்குளிலும் வாசலின். பெல்லமி மலைப் பக்கம் ராத்திரி நல்ல குளிர், கம்பளிச் சட்டை ஒன்று அவசியம். எல்லாவற்றையும் தண்ணீர் புகாத பைகளுக்குள் போட்டுத்தான் பெரிய பையில் வைக்க வேண்டும். நெற்றி விளக்கு, உதிரி பேட்டரி, கொசு மருந்து. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஏற்பாட்டாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் டின் மீனும் டின் மாட்டிறைச்சியும்தான். ஊர்களில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, வாழைப்பழம், பூசணி கிடைக்கும், விலை கொடுத்து வாங்கிச் சாப்பிடுங்கள். நம் ஆட்கள் ஒரு சின்ன டப்பா ஊறுகாயோ பருப்புப்பொடியோ எடுத்துப் போனால் நான்காம் நாள் அதன் அருமை தெரியும்.

வழியில் எங்கே நிற்க வேண்டும்

கொக்கோடாவில் ஓடுதளத்தையும் ஊர் இருக்கும் மேட்டையும் முதலில் சுற்றிப் பாருங்கள். அங்கிருந்து கொவெலோ, ஹோய் வரை சமதளம், அதன் பிறகு டெனிகி வரை நல்ல ஏற்றம். டெனிகியில் திரும்பிப் பார்த்தால் கீழே பள்ளத்தாக்கும் கொக்கோடாவும் தெரியும்.

இப்போதுள்ள இசுரவா ஊர் வேறு, போர் நடந்த பழைய இசுரவா அதற்கு அப்பால் இருக்கிறது. அங்கே 2002இல் திறந்த நினைவிடத்தில் நான்கு கருங்கல் தூண்கள் நிற்கின்றன: துணிவு, தாங்குதிறன், தோழமை, தியாகம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சொல். 1942 ஆகஸ்ட் 29 அன்று புரூஸ் கிங்ஸ்பரி என்ற சிப்பாய் பிரென் இயந்திரத் துப்பாக்கியை இடுப்பில் வைத்துச் சுட்டுக்கொண்டே முன்னேறி எதிரியைப் பின்வாங்க வைத்து, சற்று நேரத்தில் மறைந்திருந்தவரின் குண்டுக்குப் பலியானது இங்கேதான். விக்டோரியா கிராஸ் என்ற உச்ச வீரப் பதக்கம் அவருக்கு இறந்த பிறகு கிடைத்தது. முடிந்தால் ஒரு ராத்திரி இங்கே தங்குங்கள்.

அலோலா தாண்டி இயோரா ஓடைக்குப் போகும் இறக்கம் வழுக்கும், அவசரப்படாதீர்கள். அக்டோபரில் ஆஸ்திரேலியர்கள் திரும்பி வந்தபோது ஜப்பானியர்கள் மேட்டில் இருந்துகொண்டு நாள்கணக்கில் தடுத்த இடம் அது, கீழே நின்று பார்த்தாலே ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது என்று தெரியும். டெம்பிள்டன்ஸ் கிராசிங், பெல்லமி மலை எல்லாம் பாசி படர்ந்த காடு, வெளிச்சமே குறைவு. மயோலாவுக்கு ஒரு பக்கப் பாதை பிரிகிறது, நேரம் இருந்தால் போங்கள். வறண்ட ஏரிப் படுகையான அந்தப் புல்வெளியைச் சுமைதூக்கிகளின் பொறுப்பாளராக இருந்த பெர்ட் கீன்ஸில் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் விமானத்திலிருந்து மூட்டைகளைப் போட ஒரு திறந்த இடம் கிடைத்தது. அதிலும் பல காட்டுக்குள் விழுந்து தொலைந்தன.

எஃபோகி தாண்டினால் பிரிகேட் ஹில். பாதை முழுவதிலும் எனக்கு முக்கியமான இடம் இதுதான், மதியச் சாப்பாட்டு நிறுத்தமாக இதை வைக்கும் திட்டங்களை மாற்றச் சொல்லுங்கள். மேலே நின்று வடக்கே பாருங்கள். அந்த எதிர்ச் சரிவில்தான் ராத்திரியில் ஜப்பானியர்கள் விளக்குகளை ஏந்தி வரிசையாக இறங்கி வருவதை ஆஸ்திரேலியர்கள் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுட்டாலும் எட்டாத தூரம். அப்புறம் பக்கவாட்டில் காட்டுக்குள் ஏறி வந்து படையை இரண்டாக வெட்டினார்கள். ஒரு பட்டாலியன் ஸ்ட்ரெச்சர்களோடு காட்டுக்குள் ஒதுங்கி இரண்டு வாரம் பட்டினியோடு திரிந்தது. இந்தச் சண்டையில் தன் குழுவில் தான் மட்டும் பிழைத்த ஜப்பானியச் சிப்பாய் கொகிச்சி நிஷிமுரா, 1979இல் இந்த மலைக்கே திரும்பி வந்து, கால் நூற்றாண்டு காலம் தோழர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்து ஊருக்கு அனுப்பினார். ஆஸ்திரேலியக் குழுக்களில் ஜப்பானியர்களைப் பற்றிப் பேச்சு எழாது, நீங்களாகவே வழிகாட்டியிடம் கேளுங்கள். பசியால் செத்தவர்கள் அந்தப் பக்கத்தில்தான் அதிகம்.

மெனாரியில் 39ஆவது பட்டாலியனில் மிஞ்சியவர்களை வரிசையில் நிற்க வைத்து தளபதி ரால்ஃப் ஹானர் பேசினார். பிரவுன் ஆறு, சதுப்பு நிலம், பிறகு மகுலி முகடு. உச்சி வந்துவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் இன்னொன்று மேலே தெரியும், அதனால் மேலே பார்க்காமல் நடப்பதே வழி. இயோரிபைவாவும் இமிட்டா முகடும் தாண்டி கோல்டி ஆற்றில் இறங்கிக் கடைசி ஏற்றம் ஏறினால் ஓவர்ஸ் கார்னர். செப்டம்பரில் ஆஸ்திரேலியர்கள் போர்ட் மோர்ஸ்பிப் பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் பீரங்கிகளை இழுத்து வந்து இங்கிருந்துதான் இயோரிபைவாவைச் சுட்டார்கள்.

துருப்பிடித்த தோட்டாவோ கையெறி குண்டோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள். சில இன்னும் வெடிக்கக்கூடியவை. போர்க்காலப் பொருள்களை நாட்டைவிட்டு எடுத்துப் போவது சட்டப்படியும் குற்றம்.

வழியில் உள்ள கோயாரி இன மக்களின் ஊர்கள் பெரும்பாலும் செவன்த் டே அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்களுடையவை, சனிக்கிழமை ஓய்வு நாள். அன்று நடக்க வற்புறுத்தாதீர்கள், திட்டத்திலேயே அந்த நாளை ஓய்வாக வைத்துவிட்டால் காலையில் ஊர் முழுக்கச் சேர்ந்து பாடுவதைக் கேட்கலாம். படம் எடுக்கும் முன் கேளுங்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் வீசுவதற்குப் பதில், நோட்டுப் புத்தகம் கொண்டு போனால் ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் கொடுங்கள். குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

திரும்பும் வழியில் போமானா போர்க் கல்லறையில் வண்டியை நிறுத்தச் சொல்லி முதலிலேயே ஏற்பாட்டாளரிடம் பேசிவையுங்கள், சில வண்டிகள் நேரே விடுதிக்குப் போய்விடும். 3,800க்கு மேற்பட்ட கல்லறைகள். கிங்ஸ்பரி இங்கே இருக்கிறார். சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்டு சாலமன் தீவுகளில் ஒன்றான பல்லாலேயில் மாண்ட பிரிட்டிஷ் பீரங்கிப் படையினரும் பெயர் தெரியாமல் இங்கேதான் கிடக்கிறார்கள். ஒரு மணி நேரமாவது வேண்டும்.

ஊருக்கு வந்த பிறகும் மலேரியா மாத்திரையை நிறுத்தாதீர்கள். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பி வந்து 4 வாரம் வரை தொடர வேண்டும். மாதக்கணக்கில் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், பப்புவா நியூ கினி போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.